மூன்றாவது முதல் அமர்வு

ஆலோசனை மையத்தின் காத்திருப்பு அறையில் மனதை அமைதிப்படுத்துவதற்கென்றே ஏழு பொருள்கள் வைத்திருந்தார்கள். மேசைமேல் ஒரு குட்டி நீரூற்று. தண்ணீர் விழும் ஓசையை அதன் மோட்டார் ஓசை விழுங்கிவிட்டிருந்தது. சுவர் டிவியில் ஓயாத கடலலை. பத்து நிமிடத்துக்கொரு தரம் 'புஸ்' என்று பூ வாசனையைப் பீய்ச்சும் ஒரு பெட்டி. தலைக்கு மேலே துடித்துக்கொண்டிருந்த ட்யூப் லைட்டை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று பென்சில் யோசித்துக்கொண்டிருந்தார். சேர்த்தால் எட்டு. எட்டும் ஒன்றுகூடி அவருடைய வலது புருவத்துக்கு மேலே ஒரு தலைவலியை நட்டு வைத்திருந்தன.

பென்சில் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. ஆள் ஒல்லி, காதுமேல் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும் என்பதால் அலுவலகத்தில் யாரோ கிண்டலுக்கு வைத்தது. வைத்தவர் மறந்துவிட்டார், பென்சில் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். ஆண் என்றாலும் பெண் என்றாலும், யாருக்கோ அளவெடுத்த சட்டையைத் தனக்கு மாட்டிவிட்டதுபோல இருக்கிறது என்பது அவர் கட்சி. 'அவர்' என்று சொன்னால் போதும் என்றார். வீட்டில் அதற்கு மூன்று வருடம் பிடித்தது. இந்தக் கதையில் முதல் பத்தியிலேயே முடித்தாயிற்று. அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலையாகத் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாலும் வலது கால் மட்டும் தரையில் ஒரு கற்பனை பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. பிறந்ததிலிருந்து பென்சிலை 'டா' போட்டு அழைத்தவள், மூன்று வருடப் போராட்டத்துக்குப் பிறகு 'ப்பா'வுக்கு மாறியிருந்தாள். கோபம் வந்தால் மட்டும் கியர் பழைய இடத்துக்குப் போய்விடும்.

"இன்னிக்காவது கடிதம் குடுப்பாங்களாப்பா?"

"தெரியல."

"நாளைக்குத்தானே கடைசி?"

"ஆமா."

"குடுக்கலன்னா?"

பதில் இருவருக்கும் தெரியும்.

பென்சிலுக்கு வேலை கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு சிறிய ஸ்டுடியோவில். மழைக்கோட்டு போட்ட ஒரு முயல் வாரா வாரம் எங்காவது தொலைந்துபோகும். அது தொலையும் தெரு, மரம், மேகம், படிக்கட்டு எல்லாம் பென்சிலின் கை. நான்கு வருடமாக ஸ்டுடியோவின் ஸ்டோர் ரூமில், பழுதான கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். ஒரு நாளைக்கு நான்கு படம். யாருக்கும் தொந்தரவில்லை.

இரண்டு மாதம் முன்னால் புது மேனேஜர் வந்தார். வந்ததும் தடுப்புகளையெல்லாம் இடித்துத் தள்ளி ஒரே ஹாலாக்கினார். படைப்பாளிகள் ஒன்றாக உட்கார்ந்தால்தான் பொறி பறக்கும் என்றார். பொறி பறப்பதற்குத் துணையாகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பாட்டுப் போடும் ஒரு ஸ்பீக்கரையும் நடு ஹாலில் நட்டார். ஸ்டோர் ரூமைப் பூட்டினார். இந்த இரண்டு மாதத்தில் பென்சில் வரைந்தது மொத்தம் எட்டு மேகம். அதில் ஆறு, சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டன.

பென்சில் மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினார். மேனேஜர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டாக்டர் குடுத்ததுப்பா. ஆபீஸ்ல எப்படி உக்காரணும்னு டாக்டருக்கு என்ன தெரியும்? கவுன்சிலிங் சென்டர்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வா, ஸ்டோர் ரூம் உனக்கு" என்றார். கெடு நாளை வெள்ளிக்கிழமை மாலை. சனிக்கிழமை அந்த அறையில் டேபிள் டென்னிஸ் மேசை இறங்குகிறது. அதுவும் பொறி பறக்கத்தான். திங்கட்கிழமையிலிருந்து ஹாலில் ஒரு நாளைக்கு நான்கு படம் வராவிட்டால் முயலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகவும் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

மையத்தில் கடிதத்துக்கு ஒரு விதி இருந்தது. ஒரே ஆலோசகரிடம் ஆறு அமர்வு முடித்தால்தான் கடிதம். முதல் ஆலோசகர் மூன்று அமர்வு பார்த்தார். பென்சிலின் எல்லாத் துன்பத்துக்கும் பாலினம்தான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பீக்கர்தான் பிரச்சினை என்று பென்சில் சொன்னபோது நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்த ஸ்பீக்கர்ல பாடுறது ஆண் குரலா, பெண் குரலா?" என்று கேட்டார். பிறகு, வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற பயிற்சிக்காகப் பாதியில் நின்றுவிட்டார்.

கணக்கு பூஜ்யத்துக்குப் போனது. இரண்டாம் ஆலோசகர் நான்கு அமர்வு. வலியிலிருந்துதான் கலை பிறக்கிறது என்பது அவர் கொள்கை. ஆகவே வலியைப் போக்குவதில் அவர் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. "அதையே வரைஞ்சு குடுங்க" என்றார். பென்சில் ஸ்பீக்கரை வரைந்து கொடுத்தார். அது இப்போது காத்திருப்பு அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், 'நம்பிக்கை' என்ற தலைப்போடு தொங்குகிறது. அமைதிப்படுத்தும் ஏழு பொருள்களில் ஏழாவது அதுதான். அந்த ஆலோசகர் மன அழுத்தம் தாங்காமல் நீண்ட விடுப்பில் போய்விட்டார்.

"அடுத்து... சார்... மேடம்... அதாவது..." வரவேற்பு மேசைப் பெண் தடுமாறி, கடைசியில், "வாங்க" என்றாள்.

முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம் என்று பென்சிலுக்குத் தோன்றியது.

அவள் பதினான்கு பக்கப் படிவத்தை நீட்டினாள்.

"இத ரெண்டு தடவ நிரப்பிக் குடுத்துட்டேனே."

"அது பழைய ஆலோசகருக்குங்க. இவங்க புதுசு."

"நான் பழசுதானே?"

"சிஸ்டம்ல நீங்களும் புதுசுதாங்க."

பென்சில் நிரப்பினார். ஆண், பெண், மற்றவை என்று மூன்று கட்டங்கள். மற்றவைக்குப் பக்கத்தில் 'விரிவாக விளக்கவும்' என்று போட்டு ஒரு கோடு விட்டிருந்தார்கள். அந்த நீளத்தில் ஓர் எறும்பு படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போன இரண்டு தடவையும் செய்ததுபோலவே பென்சில் அதில் ஓர் எறும்பை வரைந்தார். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆலோசகர் சின்னப் பெண். 'பயிற்சி ஆலோசகர்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசைமேல் ஒரு பதிவுக் கருவி சிவப்பாகக் கண் சிமிட்டியது. வந்தவர் சொன்னதை ஆலோசகர் எத்தனை முறை திருப்பிச் சொன்னார் என்று, மையத்தில் மேற்பார்வை பார்க்கும் பெரிய மேடம் பிறகு கேட்டு எண்ணி மதிப்பெண் போடுவார். பாடத்தில் அப்படித்தான் இருந்தது: அறிவுரை சொல்லாதே, தீர்ப்புச் சொல்லாதே, வந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல், தன் பேச்சை ஒருவர் கேட்டார் என்ற நிம்மதி அவருக்கு வரும். இதெல்லாம் பென்சிலுக்குத் தெரியாது.

"வணக்கம். இது உங்க நேரம். எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்."

பென்சிலுக்கு ஆரம்பிக்கும் உத்தேசமே இல்லை. முடிக்கத்தான் வந்திருந்தார்.

"எனக்கு ஒரு கடிதம் வேணும். நாளைக்குள்ள."

"உங்களுக்கு ஒரு கடிதம் தேவைப்படுது. அதுவும் நாளைக்குள்ள."

"ஆமா."

ஆலோசகர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காத்திருந்தார். பென்சிலும் காத்திருந்தார். இந்த அறையிலும் துடித்துக்கொண்டிருந்த ஒரு ட்யூப் லைட் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஆபீஸ்ல ஸ்பீக்கர் ஓடுது. அது ஓடினா என்னால வரைய முடியாது."

"ஸ்பீக்கர் ஓடும்போது உங்களால வரைய முடியல."

"அதத்தான் சொன்னேன்."

"அதத்தான் சொல்ல வர்றீங்க."

பென்சில் ஆலோசகரின் வாயை உற்றுப் பார்த்தார். தன் குடியிருப்பின் கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் காது மந்தமானபோது அவரும் இப்படித்தான் ஆரம்பித்தார். எதைச் சொன்னாலும், சரியாகக் கேட்டதா என்று உறுதி செய்துகொள்ள, அப்படியே திருப்பிச் சொல்வார். பென்சிலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இத்தனை சின்ன வயதில் பாவம் என்று நினைத்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொன்னார்:

"எனக்கு! ஒரு! தனி அறை! வேணும்!"

ஆலோசகர் லேசாகப் பின்னால் சாய்ந்தார். ஆனால் பாடத்தை விடவில்லை. "சத்தமாப் பேசுறீங்க. உள்ள நிறையக் கோபம் இருக்கும்போல."

"கோபம் இல்ல! உங்களுக்குக் கேக்கணும்ல!"

"எனக்குக் கேக்கணுங்கறது உங்களுக்கு ரொம்ப முக்கியமா இருக்கு."

"ரொம்ப முக்கியம்!"

"யாருமே உங்களக் கேக்கலன்னு ஒரு வருத்தம்..."

"மத்தவங்களுக்கெல்லாம் கேக்குது! உங்களுக்குத்தான்!"

கதவு படாரென்று திறந்தது. அக்கா நின்றிருந்தாள், குறுக்கே வந்த ஸ்கூட்டரைப் பார்க்கிற முகத்தோடு.

"என்னடா... என்னப்பா ஆச்சு? ஏம்மா, எங்க பென்சில என்ன சொன்னீங்க? மேல கொதிக்கிற குழம்பக் கொட்டினாக்கூடச் சத்தம் போடாத ஆளு!"

"நான் ஒண்ணுமே சொல்லலங்க" என்றார் ஆலோசகர். அது அப்பட்டமான உண்மை. அந்த அறைக்குள் அவர் இதுவரை சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அக்காவுக்குப் பின்னால் பெரிய மேடத்தின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன சத்தம்? பக்கத்து ரூம்ல தியானம் நடக்குது." பிறகு பென்சிலின் சிவந்த முகத்தைப் பார்த்துத் திருப்தியானார். "ஓ, வெளிய வருதா? நல்லது, விடாதீங்க" என்று ஆலோசகரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒண்ணுமில்லக்கா, நீ வெளிய இரு" என்றார் பென்சில். "இவங்களுக்குக் காது கேக்காது. அவ்வளவுதான்."

அக்காவின் முகம் சட்டென்று இளகிவிட்டது. "அய்யய்யோ, முதல்லயே சொல்றதில்லையாப்பா!" குனிந்து ஆலோசகரின் காதருகே, அடுத்த நிறுத்தத்துக்கே கேட்கும்படி, "மன்னிச்சுக்கம்மா! தெரியாம வந்துட்டேன்!" என்றாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

ஆலோசகர் ஒரு காதைத் தேய்த்துக்கொண்டார். அவர் என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருக்கும்போதே பென்சில் படிவத்தின் பின்பக்கத்தில் எதையோ எழுதி மேசைமேல் நகர்த்தினார். நேர்த்தியான கையெழுத்து.

'உங்களுக்குக் கேட்காது என்று யாரும் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டும். எழுதியே பேசலாம். எனக்கும் அதுதான் சுலபம்.'

ஆலோசகர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். தோள் குலுங்கியது. கையால் வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை; கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குங்க."

இப்போது பென்சிலுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"அப்புறம் ஏன் நான் சொன்னதயே திருப்பிச் சொல்றீங்க?"

"அப்படித்தாங்க சொல்லிக் குடுத்தாங்க. திருப்பிச் சொன்னா வந்தவங்களுக்கு நிம்மதியா இருக்குமாம்."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா அதத்தான் சொல்லிட்டிருக்கேன். இங்க வந்து மூணாவது தடவையா முதல்லேர்ந்து சொல்றேன். ஒருத்தங்க குரல் ஆணா பெண்ணான்னாங்க. ஒருத்தர் அதப் படமாக்கிச் சுவத்துல மாட்டிட்டார். நீங்க எங்கிட்டயே திருப்பிக் குடுக்கறீங்க. கடையில கெட்டுப்போன பொருளத் திருப்பிக் குடுக்கற மாதிரி."

ஆலோசகர் வாய் திறந்தார். 'திருப்பிக் குடுக்கற மாதிரி இருக்கு' என்ற வாக்கியம் பழக்க தோஷத்தில் நாக்குநுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். பதிவுக் கருவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மதிப்பெண் போனால் போகிறது என்பதுபோல், சொந்தமாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த அறையில எது உங்களத் தொந்தரவு பண்ணுது?"

பென்சில் மேலே கைகாட்டினார். ஆலோசகர் எழுந்து ட்யூப் லைட்டை அணைத்தார். ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. பென்சிலின் புருவத்துக்கு மேலே யாரோ விரலை எடுத்ததுபோல இருந்தது.

"எனக்கும் அதப் பிடிக்காது" என்றார் ஆலோசகர். "சொன்னா ஏதாவது நினைப்பாங்கன்னு சொல்லல. சரி, ஸ்பீக்கர் ஓடும்போது உங்களுக்கு என்ன ஆகும்?"

இரண்டு மாதத்தில், ஏழு அமர்வில், நாற்பத்திரண்டு பக்கப் படிவத்தில், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பென்சில் ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவருக்கு எளிது. ஆலோசகரும் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"கோடு போட ஆரம்பிப்பேன். பாட்டு வந்து கையப் பிடிச்சுக்கும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா வரும், எதையும் விட்டுட்டுக் கேக்க எனக்குத் தெரியாது. பாட்டு முடியறவரைக்கும் கோடு அங்கயே நிக்கும். முடிஞ்சதும் அடுத்த பாட்டு. சாயந்திரம் ஆறு மணிக்கு அரை மேகம் இருக்கும். வீட்டுக்குப் போனா அக்கா பாத்திரம் கழுவற சத்தத்துக்கே அழுகை வரும். அவ பாவம், இப்பல்லாம் சொட்டுச் சத்தமில்லாமக் கழுவறா."

ஆலோசகர் குறித்துக்கொண்டார். பென்சில் சொன்ன வார்த்தையிலேயே.

"கடிதம் குடுக்க எனக்கு ஆசைதான்" என்றார். "ஆனா ஆறு அமர்வு ஆகணும். பயிற்சியில இருக்கறவங்க சிபாரிசு எழுதக் கூடாது. கருத்துச் சொல்லக் கூடாது. நீங்க சொன்னத அப்படியே திருப்பி..." நிறுத்தினார்.

இருவரும் ஜன்னலிலிருந்து ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"எழுத்துல திருப்பிச் சொல்லலாமா?" என்றார் பென்சில்.

"அமர்வுச் சுருக்கம்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு அமர்வும் முடிஞ்சதும் கேட்டா குடுத்தாகணும். யாரும் கேக்கறதில்ல."

"மையத்தோட தாள்லயா?"

"தாள், சீல், கையெழுத்து, எல்லாம் உண்டு."

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டச் சொல்ல வேண்டாம். மேனேஜருக்குச் சொல்லுங்க."

ஆலோசகர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தட்டினார். 'எங்கள் மையத்துக்கு வந்தவர் கூறியது' என்று தொடங்கி, கோடு, கை, அரை மேகம் எல்லாம் ஒரு சொல் மாறாமல். 'கதவு சாத்திய அறையில் ஒரு நாளைக்கு நான்கு படம் வரைந்ததாகக் கூறுகிறார். அதே அறை வேண்டும் என்று கூறுகிறார்.' பாடத்தை இவ்வளவு சுத்தமாக அவர் ஒருநாளும் செய்ததில்லை. அச்சடிக்கும்போதுதான் ஒரு இடைஞ்சல். பெயருக்கு முன்னால் திருவா, திருமதியா, செல்வியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் கம்ப்யூட்டர் நகர மாட்டேனென்றது. ஆலோசகர் அதனோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினார். கடைசியில் ஏதோ ஒன்றைத் தட்டி அச்செடுத்து, வந்த தாளில் அந்தச் சொல்லைப் பேனாவால் நன்றாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வாரம் வருவீங்களா?"

"லைட்ட அணைச்சா வருவேன்."

மறுநாள் மாலை நாலரைக்கு மேனேஜர் அந்தத் தாளை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். சீலை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு கருணை பரவியது.

"அடப்பாவமே! பாட்டுப் போட்டா உன்னால வரையவே முடியாதா?"

"ஆமா சார்."

"ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக் கேக்குமா?"

"ஆமா சார்."

"என்னப்பா நீ? இத முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

பென்சில் இதை முதல் நாள் நேரில் சொல்லியிருந்தார். இரண்டு முறை மின்னஞ்சலில் சொல்லியிருந்தார். ஒருமுறை மீட்டிங்கில், கையைத் தூக்கிவிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அப்போது மேனேஜர் 'சூப்பர் பாயின்ட்' என்று பலகையில்கூட எழுதினார். பென்சில் கையை நீட்டினார். மேனேஜர் அதைக் குலுக்கினார்.

"சாவி, சார்."

"ஓ, சாவி!"

ஸ்டோர் ரூமில் பழைய கம்ப்யூட்டர்கள் அப்படியே இருந்தன. தூசியும் வாசனையும் அப்படியே. பென்சில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் பாட்டு நின்றது. ஒரு கணம் நம்பவே முடியவில்லை. அடுத்த கணம் ஸ்பீக்கரில் மேனேஜரின் குரலே முழங்கியது.

"நண்பர்களே! நம்ம ஆபீஸ் எல்லாரையும் அரவணைக்கிற ஆபீஸ்! சத்தம் தாங்காத நம்ம பென்சிலுக்கு இன்னிக்குத் தனி அறை குடுத்திருக்கோம்! எல்லாரும் ஒரு பெரிய கைதட்டல்! இன்னும் பலமா!"

பென்சில் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். கதவிடுக்கில் பழைய சட்டையொன்றைத் திணித்தார். கைதட்டல் தூரத்து மழைபோலச் சுருங்கியது. தாளை விரித்து ஒரு கோடு போட்டார். கோடு நிற்காமல் தாளின் மறு ஓரம்வரை போய்ச் சேர்ந்தது. அது ஒரு தெருவாகிக்கொண்டிருக்கும்போது போன் ஒளிர்ந்தது. மையத்திலிருந்து தானாக வரும் செய்தி.

'உங்கள் ஆலோசகர் மேற்பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். உங்களுக்குப் புதிய ஆலோசகர் ஒதுக்கப்பட்டுள்ளார். முதல் அமர்வு: வியாழன். படிவத்துடன் வரவும்.'

எத்தனை முறை திருப்பிச் சொன்னார் என்று பெரிய மேடம் எண்ணி முடித்துவிட்டார்போல.

பென்சில் தெருவை அப்படியே விட்டுவிட்டுத் தட்டினார்: 'புது ஆலோசகர் வேண்டாம். அதே ஆலோசகர் வேண்டும். லைட் வேண்டாம்.'

பதில் உடனே வந்தது. 'உங்கள் கோரிக்கை புரியவில்லை. தயவுசெய்து மீண்டும் கூறவும்.'

பென்சில் திருப்பிச் சொன்னார்.

'உங்கள் கோரிக்கை புரியவில்லை. தயவுசெய்து மீண்டும் கூறவும்.'

பென்சில் கையிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார், நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார், திருப்பிச் சொன்னார்.